கிரேன் அக்காவின் சைகை

பட்டறையில் என் வேலையே கை காட்டுவதுதான். கூரையை ஒட்டி ஓடும் கிரேனுக்குள் அக்கா உட்கார்ந்திருப்பார். இரைச்சலில் எதுவும் காதில் விழாது. தூக்கு, இறக்கு, மெதுவா என்று கீழிருந்து நான் சைகை காட்ட, அவர் சுமையை நகர்த்துவார். ஆறு வருஷமாகக் கையால் மட்டுமே பேசிப் பழகிய என்னைத்தான், அக்கா ஓய்வு பெறும் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசச் சொன்னார்கள்.

"வீட்டுல உங்க வாய் எட்டு ஊருக்குக் கேக்குது. அங்க பேச மட்டும் என்ன?" என்றாள் மனைவி. அவளே எழுதிக்கொடுத்து, நாலு நாள் ஃப்ரிட்ஜ் முன்னால் நிறுத்திப் பழக்கினாள். ஃப்ரிட்ஜ் நல்ல சபை, கொட்டாவி விடவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு விஷயம் இல்லை. அதைச் சொன்னால் அது என் வேலைக்கே உலை வைத்துவிடலாம். சொல்லாமல் நன்றி என்றால் அது வெறும் வாய்ப்பந்தல். எனக்குத் தூக்கம் போனது.

கூட்டத்தன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் முந்நூறு பேர். முதல் வரிசையில் மேனேஜர், அவர் பக்கத்தில் அக்கா. மேடையேறி மைக்கைப் பிடித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு ஓடத் தொடங்கியது பாருங்கள், நாலு நாள் பேச்சை நாற்பது நொடியில் கொட்டிவிட்டேன்.

"வண்டியப் புடிக்கணுமாடா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கூடமே சிரித்தது.

அப்போது அக்கா ஒரு கையை அசையாமல் நீட்டி, அதன் அடியில் மற்றொரு கையை ஆட்டினார். எங்கள் வேலையில் அதற்கு 'மெதுவா' என்று பொருள். அவர் எனக்குச் சைகை காட்டுவது அதுதான் முதல்முறை. எனக்கு மூச்சு வந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அவரை மட்டும் பார்த்துப் பேசினேன்.

"நான் சேந்த மூணாவது மாசம். மூணு டன் இரும்புத் தகடு. இறக்குங்கன்னு அக்காவுக்குக் கை காட்டினேன். அவங்க பாதியிலயே நிறுத்திட்டாங்க..."

என் பேச்சு எங்கே போகிறது என்பது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்துப் பக்கவாட்டில் வீசினார். நிறுத்து. யார் காட்டினாலும் அந்தச் சைகைக்குக் கட்டுப்பட வேண்டும், எங்கள் தொழிலில் அதுதான் முதல் சட்டம்.

நான் நிறுத்தவில்லை.

"கண்ணு இருட்டிடுச்சு, அதான் நிறுத்தினேன்னு அக்கா மேலிடத்துல சொன்னது பொய். சுமைக்கு நேர் கீழ என் கால் இருந்துச்சு. நான் பாக்கல, அவ்வளவு உயரத்துலேருந்து அவங்க பாத்தாங்க. உள்ளதைச் சொல்லியிருந்தா அன்னிக்கே என்னை வேலைய விட்டு அனுப்பியிருப்பாங்க. என் மனைவிக்கு அப்ப ஏழாவது மாசம். அதுக்காகப் பழியத் தன் மேல போட்டுக்கிட்டாங்க. பார்வை சரியில்லன்னு அவங்களுக்கு வர வேண்டிய பதவி உயர்வும் போச்சு. இன்னிக்கு என் பொண்ணு பள்ளிக்கூடம் போறா. நான் ரெண்டு கால்ல நிக்கிறேன். அன்னிக்கு என் சைகைய அக்கா கேக்கல, இன்னிக்கு அவங்க சைகைய நான் கேக்கல. ரொம்ப நன்றிக்கா."

மேனேஜர் எழுந்தார்.

"உங்ககிட்ட நாளைக்குப் பேசறேன்" என்றார் என்னிடம். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "ஃபைல்ல இருக்கிற அந்தக் கண்ணு விஷயத்த நானே அடிச்சிடறேம்மா" என்று சொல்லிக் கை தட்ட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு கூடம் அதிர்ந்தது. நாளை என்ன ஆனாலும் ஆகட்டும், எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அக்கா கண்ணைத் துடைத்தபடி மேடையேறினார். கட்டிக்கொள்வாரோ திட்டுவாரோ என்று நின்றேன். அவர் பார்வை நேராகத் தரைக்குப் போனது.

"ஏன்டா, நீ இன்னும் திருந்தவே இல்லையா? காலப் பாரு."

என் வலது பாதம் பாதி மேடைக்கு வெளியே இருந்தது. அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். கூட்டம் முடியும்வரை அந்தக் கையை விடவே இல்லை.