குவித்த கை

கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது முதுகில் தட்டுவது. "கையத் தட்டையா வெக்காதீங்க, வலிக்கும். தண்ணி அள்ளுற மாதிரி குவிச்சிக்குங்க" என்று சொல்லி, தன் மகளைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்புக்கு மேலிருந்து தோள் வரை தட்டிக் காட்டினார். காலிப் பெட்டியைத் தட்டுவது போல டொப் டொப் என்று சத்தம் வந்தது. பிறகு என்னைத் தட்டச் சொன்னார். கல்யாணத்துக்கு உடுத்திய துணியைக்கூட நான் இன்னும் மாற்றியிருக்கவில்லை.

அவளைச் சிட்டு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வயது ஆறு, பார்த்தால் நாலுதான் சொல்லலாம். நுரையீரலில் சளி பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தட்டித் தட்டி இளக்கி வெளியே எடுக்காவிட்டால் மூச்சு அடைத்துவிடும். பெற்ற கையோடு அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாவுக்குப் பேக்கரியில் அடுப்பு வேலை, அதுவும் இரவில். அதுவரை இரவில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா, இனி என்னால் முடியாது என்று கையை விரித்துவிட்டாள்.

என் கதை இன்னும் சின்னது. என் புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். எனக்குப் பஸ் டிப்போவில் பகல் வேலை, வண்டிகளைக் கூட்டிக் கழுவுவது. புருஷன் இல்லாதவளுக்கு வீடு கொடுக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் என் மகன் டிப்போ பெஞ்சில் கிடப்பான். சும்மா கிடந்தானா? வாலு என்று பெயர் வாங்கியவன் ஆயிற்றே. ஒரு பஸ்ஸின் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டான். அதோடு அவனை உள்ளே விடக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

டிப்போ கேன்டீனில் டீ போடுகிறவள்தான் அந்த அக்கா. அவள்தான் இதையும் அதையும் முடிச்சுப் போட்டாள். "அவன் ராத்திரி வீட்ல இருக்க மாட்டான், நீ பகல்ல இருக்க மாட்ட. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கவே வேணாம். இதவிட நல்ல புருஷன் கிடைப்பானாடி?" என்றாள்.

அவள் சொன்னபடியேதான் நடந்தது. ஒரே கட்டிலில் பகலில் அவர் படுத்தார், இரவில் நான் படுத்தேன். சந்திப்பது வாசலில், ஒருவர் செருப்பைக் கழற்ற மற்றவர் மாட்டுகிற நேரத்தில். டிப்போவில் ஒரு டிரைவர் வண்டியை அடுத்தவரிடம் விடும்போது பிரேக் எப்படி, டயர் எப்படி என்று சொல்லிவிட்டுப் போவார். எங்கள் பேச்சும் அதேதான். சிட்டு எவ்வளவு சாப்பிட்டாள், சளி என்ன நிறம், சிரித்தாளா. என் மகனைப் பற்றி அவர் சொல்வது ஒரே வரி: "பையன் இருக்கான்." கை கால் முழுசாக இருக்கிறான் என்று நான் எடுத்துக்கொள்வேன். அவனும் அவரை 'பேக்கரி மாமா' என்பதோடு சரி.

ஆனால் சிட்டுவோடு வாலு ஒட்டிக்கொண்டான். தட்டக் கற்றுக்கொண்டு, அவள் முதுகில் மேளமே வாசித்தான். அவள் சிரித்துச் சிரித்து இருமுவாள். மருந்தைவிட அந்தச் சிரிப்புதான் சளியை அதிகம் எடுத்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

முகம் பார்த்துப் பேசாத புருஷன்மேல் ஆசை வருமா? வந்தது. நான் படுக்கும்போது தலையணையில் மாவு வாசனை இருக்கும். சிட்டுவுக்கு வாங்கிவரும் பன்னில் பாதியை, வாலுவுக்கு என்று சொல்லாமல், அவன் தட்டில் வைத்துவிட்டுப் போவார். கண்டக்டர்களையே வாயால் விரட்டுகிறவள் நான். அவரிடம் மட்டும் வாய் எழவில்லை.

மழைக்காலத்தில் சிட்டுவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவருடைய லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துபோயிருந்ததால் வேலைக்குப் போனார்.

விடிகிற நேரத்தில் அவள் போனாள், என் கைக்குக் கீழேயே. சற்று நேரத்தில் அவர் வந்தார். புருவத்தில் மாவு, கையில் பன். என் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"சொல்லுங்க" என்றார்.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னேன். "பால் ரெண்டு ஸ்பூன் குடிச்சா. சளி வரவே இல்ல. அப்பா எங்கன்னு கேட்டா, இப்ப வந்துடுவாருன்னு சொன்னேன். தட்டிக்கிட்டே இருந்தேன், மூச்சு நின்னுடுச்சு. அப்புறமும் தட்டிக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் தலையாட்டினார். பன்னை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அன்றும் அழவில்லை, அடுத்து வந்த நாட்களிலும் அழவில்லை.

அதோடு வாசல் பேச்சும் நின்றுபோயிற்று. சொல்வதற்குத்தான் என்ன இருந்தது? ஒருவரை ஒருவர் இடிக்காமல் ஒதுங்கி நடந்தோம்.

சில வாரம் கழித்து, கேன்டீனில் அக்கா என் முன்னால் டீயை வைத்தாள். "தப்பா எடுத்துக்காத. குழந்தைக்காகத்தான உன்னக் கட்டிக்கிட்டான்? இனிமே உங்க ரெண்டு பேரையும் அவன் எதுக்குச் சொமக்கணும்? அவன் வாயால சொல்ல மாட்டான். நீயா புரிஞ்சிக்கிட்டாத்தான் உண்டு."

அந்த டீயை அவள் மூஞ்சியில் வீசியிருப்பேன். ஆனால் அவள் சொன்னதில் பொய் ஏதும் இல்லையே. அடுத்து எங்கே போவது என்ற பயம் இருந்தது. அதைவிட, போக மனமில்லை என்பதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் 'என்னை வைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்க எனக்கு நாக்கு கூசியது. கூட வேலை செய்கிற ஒருத்தி, தன் வீட்டுச் சமையலறையில் படுத்துக்கொள்ள இடம் தருவதாகச் சொன்னாள். மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன் எங்கள் துணிகளை மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

சாயங்காலம் திரும்பியபோது அவர் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"வாலு வந்ததும் நல்லா சாப்பிட்டான். ரெண்டு தடவ கேட்டு வாங்கினான். பள்ளிக்கூடத்துல ஒருத்தன் மூக்குல குத்திட்டு வந்திருக்கான்."

"எதுக்காம்?"

"'அவ என்ன உன் சொந்தத் தங்கச்சியா, எதுக்குடா அழுற'ன்னு கேட்டானாம். குத்தினது தப்புன்னு சொன்னேன். கையில தோல் உரிஞ்சிருந்துச்சு, மருந்து போட்டேன்." உள்ளே கட்டில் பக்கம் பார்த்தார். "அப்புறம் உங்க மூட்டையப் பாத்துட்டான். 'அப்பா, நாம எங்க போறோம்'னு கேட்டான். எனக்குத் தெரியலடான்னேன். அவன் போய் என் சட்ட ரெண்ட எடுத்து அதுல சொருகி வெச்சான்."

 அவர் நகரவில்லை. சொல்ல இன்னும் பாக்கி இருக்கிறது என்று தெரிந்தது.

"நான் தூங்கல" என்றார். "அவ போனதுலேருந்து தூங்கல. சோறு எறங்கல." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இங்க அடைச்சிக்கிட்டு இருக்கு. வெளிய வர மாட்டேங்குது."

அந்த மனிதர் தன்னையே என்னிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். 

"உக்காருங்க" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "குனிங்க."

கையைக் குவித்துக்கொண்டு தட்டினேன். அவரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. தட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. விடாமல் தட்டினேன். முதலில் ஒரு இருமல் வந்தது. பிறகு அதன் பின்னாலேயே, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாரோ, அவ்வளவும் வந்தது. மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி, வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதார். நானும் அழுதேன், கையை மட்டும் நிறுத்தவில்லை.

வாலு வந்து பார்த்தான். ஒன்றும் கேட்காமல் அவருக்கு மறுபக்கம் உட்கார்ந்து, தன் சின்னக் கையைக் குவித்துக்கொண்டான்.

"பேக்கரிக்கு நேரமாச்சு" என்றார், மூக்கை உறிஞ்சியபடி.

"ஆகட்டும். குனிங்க."

மறுநாள் காலையில் அந்தப் பக்கம் ரொட்டி தாமதமாகத்தான் வந்திருக்கும். யாராவது திட்டியிருப்பார்கள். திட்டட்டும்.