செத்த குஞ்சின் வளையம்

கூண்டுக்குள் கைவிட்ட வனத்துறை அதிகாரி ஹர்தோயோ, குறிபார்த்ததுபோல் அந்த வெள்ளை ஜாலாக் மைனாவையே பிடித்தார். பறவை வளர்க்க உரிமம் வாங்கியிருந்த தார்மினி ஓரடி முன்னால் வந்தாள்.

அது அவள் கூண்டில் பொரித்த பறவையே அல்ல. போன வாரம் அவள் புருஷன் சர்வோ திருட்டுத்தனமாக வாங்கி வந்த காட்டுப் பறவை. வளர்ப்புப் பறவைக்குக் குஞ்சிலேயே காலில் எண் பொறித்த மூடிய வளையம் மாட்டிவிடுவார்கள். வளர்ந்த பாதம் அதற்குள் நுழையாது. காட்டுப் பறவை வியாபாரத்தைத் தடுக்க உலக நாடுகளெல்லாம் கூடிப் போட்ட சட்டமே அந்த வளையத்தை நம்பித்தான் நிற்கிறது. இந்தப் பாவி மனுஷனோ, செத்துப்போன குஞ்சின் வளையத்தை எண்ணெய் தடவி, இதன் பின்விரலை ஒடித்து ஏற்றிவிட்டான்! தெரிந்தால் உரிமம் போகும். அவள் கையால் ஊட்டி வளர்த்த அத்தனை பறவைகளும் போகும்.

பறவையின் கால் வீங்கியிருந்தது. கம்பிவலையில் மோதி மோதி நெற்றியில் ரத்தம் கட்டியிருந்தது. கண்ணிருக்கிற எவனுக்கும் தெரியும்.

"என்னம்மா, இது மட்டும் இப்படித் துள்ளுது?"

தார்மினி சர்வோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை முறுக்கு, பாக்," என்று ஐயா போட்டு முந்திக்கொண்டான் சர்வோ. "இன்னும் ஜோடி சேக்கலேன்னு கோவம்."

அதிகாரி சிரித்தார். வளையத்தின் எண்ணைப் படித்தார், கையெழுத்துப் போட்டார், தட்டிலிருந்த வறுத்த தெம்பே சோயா வில்லை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

போன உயிர் திரும்பியது அவளுக்கு. சர்வோ காதருகே வந்தான். "பாத்தியா? நம்பரைத் தவிர ஒண்ணும் பாக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை இன்னும் மூணு வருது."

"காட்டுலேந்தா?"

"பின்னே, வானத்துலேந்தா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டுப் பறவைமேல் ஒருத்தனும் கைவைக்கக் கூடாதென்றுதானே இந்தக் கூண்டையே கட்டினாள்? பறவையைப் பிடித்தாள். கம்பி வெட்டும் குறடால் வளையத்தைக் கத்தரித்தாள். பறவையோடு வாசலுக்கு ஓடினாள்.

"பாக், நில்லுங்க! இது காட்டுப் பறவை. வளையம் பொய்."

"அடிப்பாவி, குடியைக் கெடுத்துட்டியே!" என்று சர்வோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அதிகாரி தெருவை இருபுறமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நான் பாத்தப்ப வளையம் இருந்துச்சேம்மா. கையெழுத்தும் போட்டாச்சு. ஏன் வம்பை வெலைக்கு வாங்கறே? உள்ள போ."

தார்மினி அவருடைய மோட்டார் சைக்கிள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். பறவையின் ஒடிந்த விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அப்போ இப்ப பாருங்க, பாக். பாத்துட்டு எழுதுங்க."