சென்னிநாயகக் கட்டி

காலையிலிருந்து இது பதினோராவது துணி. பொன்செல்வி அதை மேசைமேல் விரித்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினாள். ஈரம் புஸ்ஸென்று ஆவியாகிக் கிளம்பியது. மூன்று நாளாக மழை திருவனந்தபுரத்து மணக்காட்டை விட்டு நகரவில்லை. மாடிக் கொடியில் போட்டால் நனைகிறது, அறைக்குள் கட்டிய கொடியில் போட்டால் காய்வதில்லை, ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகில் விரித்தால் ஒரு புளித்த வாடை அடிக்கிறது. டயப்பர் இருந்தால் இந்தப் பாடு இல்லை. அந்த டயப்பரைத்தான் திங்கட்கிழமையே டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். துணியை மடித்து வைப்பதற்குள் கட்டிலில் கிடந்த அபிஷா ஒரு முக்கு முக்கினாள். பன்னிரண்டாவதற்கு வேலை வந்துவிட்டது.

அவிழ்த்துப் பார்த்தால் பச்சைத் தண்ணீர். தொடையிடுக்கிலும் பின்புறத்திலும் தோல் உரித்த தக்காளியாகச் சிவந்து கிடந்தது. இரண்டு இடத்தில் மேல்தோலே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் தொட்டதும் பிள்ளை வீல் என்று கத்திக் காலை உதைத்தாள். பதினான்கு மாதத்துப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்துதான் வருமோ. பொன்செல்வி ஒரு கையால் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதி ஈரத்தை உலர்த்தி, டாக்டர் எழுதிய வெள்ளைக் களிம்பைப் பூசினாள். அதற்கு முன்னால் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய் போட்டுப் பார்த்தாயிற்று. மெடிக்கல் ஷாப்காரன் கொடுத்த வேறொரு டியூபும் தீர்ந்துவிட்டது. பூசிய மருந்து தோலில் ஊறுவதற்குள் அடுத்த போக்கு வந்து அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவள் கணவன் சுஜின், சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் விற்பனைக்கு நிற்கிறவன், பழி முழுவதையும் டயப்பர்மேல் போட்டான். "பிளாஸ்டிக்க கட்டி வச்சா தோலு வேகத்தான் செய்யும். நான் அன்னைக்கே சொன்னேன்லா?" என்று வருகிறபோதும் போகிறபோதும் சொன்னான். கீழ் வீட்டு ரத்னாபாய்க்குச் சந்தேகமே கிடையாது. "பல்லு முளைக்குவு. பல்லு முளைக்கும்போ வயிறு போவும், வயிறு போனா குண்டி புண்ணாவும். இதுக்குப் போயி எதுக்கு பயந்து பேடிக்க?" என்றாள். மேல்வரிசையில் இரண்டு பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது உண்மைதான். அதனால் பொன்செல்வியும் அதை நம்பினாள்.

நம்பினாளே தவிர உட்கார முடியவில்லை. துவைப்பாள், தேய்ப்பாள், ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பாள், திரும்பி வந்து காலண்டரைப் பார்ப்பாள். இன்று புதன். வருகிற திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

பொன்செல்வி கண்டக்டர். ஊர்க்காரர்கள் ஆனவண்டி என்று செல்லமாகச் சொல்லும் அரசு பஸ்ஸில், தம்பானூரிலிருந்து நெடுமங்காடு, வித்துரா வழியாகப் பொன்முடி போகிற தடம். விடிகாலை ஐந்தரைக்கு வண்டி எடுத்தால், இரண்டு நடை முடிந்து வீடு வர இரவு எட்டு மணியாகும். பிரசவ லீவு ஆறு மாதமும் தீர்ந்து, சம்பளமில்லாத லீவு எட்டு மாதமும் தீர்ந்துவிட்டது. இனியும் நீட்டினால் அந்தத் தடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சொன்னால் தப்பாக நினைப்பார்கள் என்று யாரிடமும் அவள் சொல்லவில்லை. அவளுக்குப் போக ஆசையாகவும் இருந்தது. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவிலும் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கை பிடிக்காமல் டிக்கெட் கிழிக்க அவளுக்குத் தெரியும். எஸ்டேட் லயத்துப் பெண்கள் தேயிலை வாசனையோடு ஏறி, "செல்வியக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க" என்பார்கள். பதினான்கு மாதமாக அவளை யாரும் ஒதுங்கச் சொல்லவில்லை, அவள்மேல் ஏறித்தான் கிடக்கிறார்கள்.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ரத்னாபாய் ஒத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை. "பால்குடி மறக்காத பிள்ளைய நான் எப்பிடி வச்சிட்டு இருப்பேன் மக்களே? பதினஞ்சு மணிக்கூறு அது கெடந்து அழுது கீறும். நீ மறக்கடிச்சு தா, மிச்சத்த நான் பாத்துக்கிடுகேன்." வழியையும் அவளே சொன்னாள், பொருளையும் அவளே வாங்கி வந்தாள். காகிதப் பொட்டலத்தில் தார் உருண்டை மாதிரி ஒரு கறுப்புத் துண்டு. சென்னிநாயகம். கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியது. தண்ணீர்விட்டு உரசி மார்க்காம்பில் தடவினால், பிள்ளை ஒரு தடவை வாய் வைத்துவிட்டு மறுபடி அந்தப் பக்கமே வராது. திருவனந்தபுரத்தில் பாதிப் பேர் இப்படித்தான் பால் மறந்திருப்பார்கள். ரத்னாபாயின் நான்கு பிள்ளைகளும் இப்படித்தான்.

போன வியாழக்கிழமை முதல்முறை தடவினாள். அபிஷா ஆவலாக வந்து வாய் வைத்தாள். மூக்கு சுருங்கியது, கண் இறுக மூடியது, முகம் முழுக்க ஒரு நெல்லிக்காய் மாதிரி ஆயிற்று. அம்மாவை நிமிர்ந்து பார்த்து உதடு பிதுக்கி அழுதாள். பொன்செல்விக்கும் அழுகை வந்தது. தப்பு செய்கிறோம் என்று தோன்றியது, ஆனால் திங்கட்கிழமை நெருங்குகிறது என்றும் தோன்றியது. பிள்ளை அழுதுமுடித்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளும் என்று காத்திருந்தாள். அது நடக்கவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு அபிஷா மறுபடி வந்தாள். முகத்தைச் சுருக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கசப்பு முழுவதையும் நக்கித் தீர்த்துவிட்டுப் பாலைக் குடித்தாள். "எனக்க பிள்ளைகளுக்கு இந்த வாசியும் பிடிவாதமும் இல்லப்பா. கொஞ்சம் கட்டியா தேயி," என்றாள் ரத்னாபாய். மறுநாள் கட்டியாகத் தேய்த்தாள். அதற்கு மறுநாள் இன்னும் கட்டியாக. அபிஷா எல்லாவற்றையும் தின்று தீர்த்தாள்.

வயிறு போகத் தொடங்கியது அந்தச் சனிக்கிழமை. திங்கட்கிழமை டாக்டரம்மா நிதானமாகத்தான் விசாரித்தார். என்ன சாப்பாடு என்றார். கஞ்சி, ஏத்தன் வாழைக்காய்ப் பொடி, கேப்பைக்கூழ், தாய்ப்பால் என்று பொன்செல்வி அடுக்கினாள். "வேறெ மருந்து எந்தெங்கிலும் கொடுக்குன்னுண்டோ?" என்று மலையாளத்தில் கேட்டார், வேறு மருந்து ஏதாவது கொடுக்கிறாயா என்று. இல்லை என்று தலையாட்டினாள். பொய் சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. மேலே பூசுகிறதை யாராவது மருந்து கொடுப்பது என்பார்களா? அதுவும் தவிர, பாலை நிறுத்தப் பார்க்கிறேன் என்று சொன்னால், இரண்டு வயது வரை கொடுக்கலாமே என்று அவர் தொடங்குவார். வேலைக்குப் போகிற பொம்பளைக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்கத் தெம்பு வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் களிம்பும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

புதன் மத்தியானம் பிள்ளை தூங்கியதும் பொட்டலத்தைப் பிரித்தால், ஒரு புளியங்கொட்டை அளவுதான் மிச்சம் இருந்தது. இன்னும் நான்கு நாள். ரத்னாபாயிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு அவளே நடந்தாள். வெளிக்காற்று பட்டதும்தான் தன் உடம்பிலேயே புளித்த வாடை இருப்பது தெரிந்தது.

அங்காடி மருந்து விற்கிற நாட்டு மருந்துக் கடையில் அவளுக்கு முன்னால் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒருவர் நின்றார். அப்பாவுக்கு நாலு நாளாக வயிறு போகவில்லை, ஆஸ்பத்திரி மருந்துக்கும் அசையவில்லை என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்கார அண்ணாச்சி தலையாட்டிவிட்டுப் பின்னால் திரும்பி, ஒரு தகர டப்பாவிலிருந்து கறுப்புக் கட்டி ஒன்றை எடுத்தார். சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. சில்லு ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "குறச்சு மதி கேட்டோ. கூடியால் நிக்கில்லா," என்றார். கொஞ்சம் போதும், கூடிப்போனால் வயிற்றுப்போக்கு நிற்காது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே போனார்.

கட்டி இன்னும் தராசுத் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"உங்களுக்கு என்னம்மா?"

"சென்னிநாயகம்." அவள் பார்வை கட்டியிலேயே இருந்தது. "பால்குடி மறக்க."

அண்ணாச்சி சுத்தியலை எடுத்தார்.

"அது வேற, இது வேறயா அண்ணாச்சி?"

"எல்லாம் ஒரே கட்டிதாம்மா. மேல தேச்சா கசப்பு. உள்ள போனா பேதி. பிள்ளதான் வாய வச்ச ஒடனே துப்பிரும்லா, உள்ள எங்க போவுது?"

"துப்பலன்னா?"

சுத்தியல் அப்படியே நின்றது. அவர் கண்ணாடிக்கு மேலாக அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

அங்கிருந்து அவள் எப்படி நடந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. குடை கையில் மடங்கியே இருந்தது. சுஜினின் கடை அதே தெருவில் இருபது கடை தள்ளி. அவன் யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். நனைந்து வந்து நிற்கிறவளைப் பார்த்ததும் பிள்ளைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தான்.

"டயப்பர் இல்ல. பல்லும் இல்ல," என்றாள். "நானாக்கும். ஆறு நாளா நானாக்கும் எனக்க பிள்ளைக்கி பேதி மருந்து கொடுத்துட்டு இருக்கேன்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. மருந்துக் கடையில் கேட்டதை முழுதாகச் சொன்னாள். முடித்தபின் தலைதுவட்ட மூட்டை கட்டுகிற கோணித்துணியைத்தான் எடுத்துக் கொடுத்தான், வேறு எதுவும் அங்கே இல்லை. "தெரிஞ்சா செஞ்ச? விடு," என்றான். அவள் துவட்டியதும், "லீவ நீட்டிக் கேளு செல்வி. ஒரு மாசம்," என்றான்.

"கேக்க மாட்டேன்."

"பின்ன பிள்ள?"

அவள் கோணித்துணியை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்குப் போய்ப் பயத்தமாவு போட்டுத் தன் மாரைத் தோல் எரிய எரியக் கழுவினாள். ரத்னாபாய்க்கு முதலில் கோபம் வந்தது. "நாலு பிள்ளைக்கி நான் இதத்தான் தேச்சேன், ஒண்ணுக்கும் ஒண்ணும் வரல்ல," என்றாள்.

"அதுகள் துப்பிச்சு அக்கா. இவ துப்பல்ல."

ரத்னாபாய் பொட்டலத்தைப் பிரித்தாள். பிறகு மிச்சமிருந்த துண்டைத் தானே எடுத்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். டாக்டரம்மாவுக்கு அன்று சாயங்காலமே ஃபோன் செய்து பொன்செல்வி உண்மையைச் சொன்னாள். ஏச்சு கிடைத்தது. நியாயமான ஏச்சு என்பதால் அவளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. கரைசலைத் தொடரச் சொன்னார், பாலை நிறுத்த வேண்டாம் என்றார்.

வெள்ளிக்கிழமை துணி ஆறாகக் குறைந்தது. சனிக்கிழமை இரண்டு. களிம்பு பூசினால் பூசிய இடத்தில் நின்றது. சிவப்பு மங்கி, ஓரத்திலிருந்து பொருக்கு உதிர்ந்து, அடியில் இளம் தோல் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வெயிலும் வந்தது. ரத்னாபாய் காலையிலேயே வந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ எங்கயாவது போ. நின்னாத்தானே அதுக்கு பாலுக்க ஓர்மை வரும்," என்று துரத்தினாள். நிபந்தனை என்ன ஆயிற்று என்று பொன்செல்வியும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பொன்செல்வி தெருமுனை வரை போய் நின்றாள், டெப்போ வரை நடந்தாள், டைம்கீப்பரிடம் சும்மா பேசினாள், எதிலும் மனம் ஒட்டாமல் மூன்று மணிக்குத் திரும்பி வந்தாள். அழுகைச் சத்தம் கேட்குமென்று படியிலேயே காதைத் தீட்டிக்கொண்டு ஏறினாள். அபிஷா ஏத்தங்காய்க் கூழை மூக்கெல்லாம் அப்பிக்கொண்டு ரத்னாபாயின் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். போகலாம். பொன்செல்விக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

ஒன்றே ஒன்றுதான் மாறவில்லை. புதன் சாயங்காலம் சுத்தமாகக் கழுவிய மாரோடு முதல்முறை உட்கார்ந்தபோது, அபிஷா வாய் வைப்பதற்கு முன்னாலேயே மூக்கைச் சுருக்கிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பழக்கம், நாளைக்குப் போய்விடும் என்று அவள் நினைத்தாள். வியாழனும் அப்படித்தான், வெள்ளியும் அப்படித்தான். கறுப்பு இல்லை, வாடை இல்லை, "கசக்காது மக்களே, பாரு," என்று இவள் விரலால் தொட்டுத் தன் நாக்கில் வைத்துக்கூடக் காட்டினாள். பிள்ளை அதைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுருக்கிக்கொண்டுதான் வந்தாள். அம்மா என்றால் முதலில் கசக்கும் என்று அவளுக்குள் பதிந்துபோயிருந்தது. தெரிந்தும் ஒவ்வொரு முறையும் வந்தாள் என்பதைத்தான் பொன்செல்வியால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். பதினான்கு மாதத்தில் சட்டை சிறுத்துவிட்டது, அல்லது அவள் பெருத்துவிட்டாள். தோல்பையைத் தோளில் போட்டுப் பார்த்து, கழற்றிக் கதவுப்பக்கம் வைத்தாள். சுஜின் கீழே போய் ஸ்கூட்டரை வெளியே தள்ளினான். சத்தமில்லாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தாள், கட்டிலில் துணி அசைந்தது. அபிஷா எழுந்து உட்கார்ந்து, பொத்தான் வைத்த அந்தப் புது அம்மாவைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"செல்வி, மணி அஞ்சாவப் போவுது," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மேல் பொத்தான் இரண்டைக் கழற்றினாள். பிள்ளை மடியில் ஏறினாள். மூக்கு சுருங்கியது, கண் இறுக மூடியது. அப்படியே வாய் வைத்து உறிஞ்சத் தொடங்கினாள். வெளியே ஸ்கூட்டர் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன நெற்றியின் சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டு, அது விரியட்டும் என்று பொன்செல்வி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.