செல்லியம்மாள் போட்ட சால்

ஏழு வரப்பில் ஒன்றுகூட இல்லை.

செல்லியம்மாள் தலைமேல் இருந்த மூட்டையை இறக்காமலே நின்று பார்த்தாள். போளூர் ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவம். துணைக்குப் போனவள் பதினெட்டு நாள் கழித்து அன்றுதான் மலையேறி நெல்லிமேட்டுக்குத் திரும்பியிருந்தாள். ஊருக்குள் நுழையும் முன்பே அவள் சாமை விதைக்கும் கொல்லைதான் கண்ணில் படும். அவள் போகும்போது அந்தச் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஏழு கல்வரப்புகள் குறுக்கே கிடந்தன. இப்போது மேலே பாறை முனையிலிருந்து கீழே ஓடைக்கரை வரை வழவழவென்று ஒரே இறக்கம். இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். சாமைத் தாளைக்கூட அடியோடு செதுக்கி எடுத்திருந்தார்கள்.

அந்த வரப்புகளைச் சர்க்கார் போட்டுக் கொடுக்கவில்லை. அவளும் அவள் புருஷன் அருணகிரியும் பதினோரு வருஷம் ஓடையிலிருந்து கல் சுமந்து, ஒவ்வொன்றாக அடுக்கிக் கட்டியவை. மலைச் சரிவில் மண் தானாக நிற்காது, கல் பிடித்தால்தான் நிற்கும். அருணகிரி காய்ச்சலில் போய் ஆறு வருஷம் ஆகிறது. வரப்பு இருந்தது, மண் இருந்தது, அதனால் அவள் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. இனி மாசியிலோ பங்குனியிலோ ஒரே ஒரு கோடை மழை அடித்தால் போதும், அந்த மண் முழுக்க ஓடையில் இறங்கிவிடும். மிச்சம் இருப்பது பாறைதான். பாறையில் சாமை விளையாது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதில் பாதி அவள்மேலேயே வந்தது.

ஏனென்றால் அந்த ஆட்களை வரச் சொன்னவளே அவள்தான். கார்த்திகைக் கடைசியில், சாமை அறுத்துக் களம் சேர்த்த மறுவாரம், மதராஸிலிருந்து ரங்கசாமி என்பவர் ஜீப்பில் வந்து இறங்கினார். காஷ்மீரத்துப் பனிமலையில் ஜனங்கள் காலில் பலகை கட்டிக்கொண்டு சறுக்குவதைப் பார்த்துவிட்டு வந்தவராம். ஜவ்வாது மலையில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? மார்கழிக் குளிரில் மண்ணும் புல்லும் நனைந்து வழுக்குகிறதே, அது போதும் என்று அவருக்கு யோசனை. மலையேற்றம், கூடாரம், சறுக்கு எல்லாம் சேர்த்து ஒரு குளிர்கால விளையாட்டுச் சங்கம் ஆரம்பித்திருந்தார். "இந்த மேட்டுல நாங்க கொஞ்சம் விளையாடிக்கலாமாம்மா?" என்று கேட்டார். மலையில் எல்லோரும் சொல்வதை அவளும் சொன்னாள். "அறுப்பு முடிஞ்ச கொல்லை ஊருக்கே பொதுங்க. யாரு வேணா நடக்கட்டும், மாடு வேணா மேயட்டும்."

நெல்லிமேட்டு வழக்கம் அது. அறுப்பு முடிந்ததிலிருந்து அடுத்த உழவில் கலப்பை கீறும் முதல் சால் விழும்வரை யார் கொல்லையிலும் யாரும் போகலாம், தடுக்கக் கூடாது. அதற்காகக் கல்லைப் பெயர்க்கலாம் என்று அர்த்தமா? மலையில் மாட்டுக்குக்கூட அந்த வித்தியாசம் தெரியும். மனுஷனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் செய்த பிசகு அவ்வளவுதான்.

கற்கள் ஓடைக்கரையில் இருந்தன. இடுப்புயரத்துக்கு ஒரு மேடை கட்டி, மேலே ஷாமியானாவுக்குக் கம்பு நட்டிருந்தார்கள். மேடைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவன் முனியன், அவள் கூடப்பிறந்த தம்பி.

"இன்னாடா இது?"

"வந்துட்டியாக்கா? கொளந்தை இன்னா, பையனா பொண்ணா?"

"கொளந்தை கெடக்கட்டும். என் வரப்பை எவன்டா புடுங்கினான்?"

முனியன் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்தான். "நாங்கதான்க்கா. ஒம்போது பேரு. நீதான் வரச் சொன்னேன்னு அந்த சார் சொன்னாரு..."

"வரச் சொன்னேன். வாரிக்கினு போகச் சொன்னேனா? மாமா போனதுலேர்ந்து நீதானே அந்தக் கொல்லையில ஏர் ஓட்றே? கல்லு எதுக்குக் கீதுன்னு ஒனக்குத் தெரியாது?"

"பங்குனில திரும்பி வெச்சுக் குடுத்துர்றாங்களாம்."

"மழை ஒன்னியக் கேட்டுக்கினா வரும்?"

முனியன் மட்டையை எடுத்து மறுபடி வாளியில் தோய்த்தான். அவள் அந்த வாளியை எட்டி உதைத்துவிட்டு ரங்கசாமியின் கூடாரத்துக்குப் போனாள்.

ரங்கசாமி மரியாதையான மனிதர். நாற்காலி போட்டார், டீ கொண்டுவரச் சொன்னார், அவள் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகத் தலையாட்டினார். குரலை உயர்த்தாத ஆளோடு சண்டை போடுவதைப் போல எரிச்சல் பிடித்த வேலை வேறு இல்லை. "அங்க இப்ப ஒண்ணும் விளையலையேம்மா," என்றார். "பலகை வேகமா வரும்போது கல்லு குறுக்க இருந்தா ஆளுக்குக் கால் போயிடும். உங்களுக்குப் பட்டா ஏதாவது இருக்கா?"

பட்டா நெல்லிமேட்டில் யாருக்கும் இல்லை. யார் கொல்லை எதுவரை என்பது ஊர் வாயில்தான் இருந்தது. அது அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கும். டீயைத் தொடாமல் அவள் எழுந்தபோது, அவர் ஒரு வண்ண நோட்டீஸை அவள் கையில் கொடுத்தார். "உங்க ஊருக்கு எவ்வளவு பேரும் புகழும் கிடைக்கப்போகுதுன்னு யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்க."

ஊர்ப் புளியமரத்தடியில் அமீனுல்லா பாய் மூட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தார். வாணியம்பாடியிலிருந்து வருஷா வருஷம் புளி வாங்க வருகிறவர். நோட்டீஸைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "'உடம்பைச் சிலிர்க்க வைக்கும் குளிர்! காலையில் மலையேற்றம், பகலில் சறுக்குப் பந்தயம், மாலையில் கணப்பு! மார்கழி, தை இரண்டே மாதங்கள்! பனிமேட்டுக்கு வாருங்கள்...'"

"பனிமேடா? அது எந்த ஊரு பாய்?"

"உங்க ஊருதாம்மா. பேர மாத்திப் போட்டிருக்கான்." அவர் அடுத்த வரியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "வுடும்மா, மிச்சம் எல்லாம் சும்மா."

"படிங்க."

"'இதுவரை மனிதர் காலடி படாத தரிசு மேட்டில்...'" பாய் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க ஊர்ப் பசங்க பாதிப் பேரு இத்தப் படிச்சுட்டுத்தான் கெளம்பிக்கினு கீறானுங்க. என் அக்கா மவனும் வர்றான். வெறும் காடுன்னு நெனச்சுக்கினு வருவான். நான் இன்னாம்மா சொல்றது?"

காலடி படாத மேடு! அருணகிரியின் இடது காலில் கல் புரண்டு இரண்டு விரல் நசுங்கியது அந்த மேட்டில்தான். நொண்டிக்கொண்டே அவன் கட்டிய வரப்பு ஐந்தாவது வரப்பு. அவள் நோட்டீஸை வாங்கி நாலாகக் கிழித்தாள். பிறகு ஊர்க்கவுண்டர் கோபால்சாமியின் வீட்டுக்குப் போனாள். அவர் அருணகிரிக்கு ஒன்றுவிட்ட மாமன், அவளுக்கும் மாமாதான்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான் செல்லி," என்றார் கோபால்சாமி. "பொதுன்னுட்டே. இனி சித்திரையில மொதல் சால் வுளுற வரைக்கும் அவங்கள ஒன்னும் கேக்க முடியாது. சால் வுளுந்துட்டா அப்புறம் அறுப்பு வரைக்கும் ஒரு பய கால் வெக்க மாட்டான். அதுவும் நம்ம வழக்கம்தானே?"

"சித்திரையிலதான் போடணுமா மாமா? தையில போட்டா சால் ஆவாதா?"

அவர் சிரித்துவிட்டார். "தையில எவன் மேழி புடிப்பான்? ஒந்தம்பி அவங்களாண்ட கூலிக்குப் போறான். பொம்பளை ஏர் தொடக்கூடாது. அதுலயும் நீ..."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. தாலி அறுத்தவள் என்பதுதான் மிச்சம். அடுத்த நாலு நாளில் அவள் ஊரில் ஏர் பிடிக்கத் தெரிந்த ஒவ்வொரு ஆணையும் போய்க் கேட்டாள். ஒருவனுக்கு இடுப்பு வலி வந்தது. ஒருவனுக்கு மாமியார் ஊரில் சாவு வந்தது. மற்றவர்கள் கூடாரத்துக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள்.

காணும் பொங்கலன்று பந்தயம். காலையிலேயே போளூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் ஜீப்பும் வேனும் ஏறி வந்தன. கம்பளிச் சட்டையும் குல்லாவும் போட்ட ஜனங்கள் மேடையில், அவள் கற்களின் மேல், நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மூச்சு விட்டால் வாயில் புகை வருகிறது என்று ஒருவருக்கொருவர் ஊதிக் காட்டிச் சிரித்தார்கள். அடியில் தகரம் அடித்த சறுக்குப் பலகைகள் ஒன்பது. ஒவ்வொன்றும் அரிசி மூட்டைக் கனம். மேலிருந்து சறுக்கி வருவது துரைமார், ஒவ்வொரு தடவையும் பலகையைத் தலையில் சுமந்து மேலே ஏற்றுவது நெல்லிமேட்டு ஆட்கள். முனியனும் மற்ற எட்டுப் பேரும் பலகையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சரிவின் அடிவாரத்தில் நின்றார்கள். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம். மேலே போகக் கொல்லை வழி ஒன்றுதான்.

அப்போது பள்ளத்து ஓரமாகச் செல்லியம்மாள் ஏர் பூட்டிக்கொண்டு வந்தாள்.

மாடுகளின் கொம்பில் முந்தின நாள் பூசிய வர்ணம் காயவில்லை. நுகத்தடியில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள். சேலையை முழங்காலுக்குமேல் ஏற்றிச் செருகியிருந்தாள். நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்து மேடையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து போட்டோகூட எடுத்தார்.

அவள் கலப்பையை மண்ணில் இறக்கி அழுத்தினாள். மழைக்கால ஈரம் அடியில் இன்னும் இருந்தது. ஆனாலும் கொழு துள்ளித் துள்ளி வெளியே வந்தது, மாடுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. பள்ளத்திலிருந்து பாறைவரை ஒரு சால், ஒழுங்கில்லாமல் வளைந்து வளைந்து விழுந்தது. உழத் தெரிந்த எவனும் பார்த்தால் சிரிப்பான். சுமைக்காரர்கள் ஒன்பது பேரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் சால் கிடந்தது.

"ஏம்ப்பா நிக்கிறீங்க? ஏறுங்க," என்றார் ரங்கசாமி.

"சால் போட்டுட்டாங்க சார்."

"ஒரு கோடு. தாண்டிப் போங்க." அவரே பூட்ஸ் காலோடு அந்தப் பக்கம் போய், திரும்பி வந்து காட்டினார். "பாத்தீங்களா? என்ன ஆச்சு?"

கோபால்சாமி மேடை ஓரத்திலிருந்து குரல் கொடுத்தார். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். "பொம்பளை போட்டது சால் ஆவாதுடா. தாண்டுங்க!"

செல்லியம்மாள் இரண்டாவது சாலின் பாதியில் மாட்டை நிறுத்தினாள்.

"ஆவாதா? பொம்பளை கல்லு சொமந்தா வரப்பு ஆவும், பொம்பளை கள வெட்டினா வெள்ளாமை ஆவும், ஆறு வருசமா தாலி அறுத்தவ கொல்லையில வெளஞ்ச சாமையில கோயிலுக்குப் பொங்கல் வெச்சுத் தின்னீங்களே மாமா, அப்ப தொண்டையில சிக்கலியா? சால் மட்டும் ஆவாதா? வழக்கம் பேசித்தானே என் வாயை அடைச்சீங்க? நான் பொதுன்னு சொன்ன சொல்லு மட்டும் பொம்பளை சொல்லா இல்லாம போச்சா?" அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "டேய் முனியா! இது சால் இல்லேன்னு ஒனக்குத் தோணுச்சுன்னா தாண்டு. எல்லாருக்கும் முன்னாடி நீ தாண்டு. தாண்டிட்டு அப்புறம் என்னிய அக்கான்னு கூப்புடாதே."

முனியனின் கழுத்து நரம்பு பலகையின் கனத்தில் புடைத்திருந்தது. அவன் வலது காலைத் தூக்கினான். அந்தக் கால் சாலுக்கு மேலே வந்து நின்றது. பிறகு அது எடுத்த இடத்திலேயே திரும்ப இறங்கியது. தலையிலிருந்த பலகையை அவன் பின்னால் தள்ளிவிட்டான். தகரம் கல்லில் மோதிய சத்தம் மேடைவரை கேட்டது. அதற்குப் பிறகு எட்டுத் தடவை அதே சத்தம்.

வாணியம்பாடி வாலிபர்கள் இரண்டு பேர் ரோஷப்பட்டு ஒரு பலகையைத் தாங்களே சுமந்து மேலே ஏறினார்கள். அவர்கள் மூச்சிரைக்க முனையை எட்டுவதற்குள் அவள் ஆறு சால் ஓட்டியிருந்தாள். பலகை ஜோராகத்தான் சறுக்கி வந்தது. உழுத மண்ணில் மூக்கு குத்தியதும் இரண்டு பேரும் குட்டிக்கரணம் அடித்து மண்ணைக் கவ்வினார்கள். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. மத்தியானத்துக்குள் ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

கடைசியாகப் புறப்பட்ட ரங்கசாமிக்கு அன்றுதான் குரல் உயர்ந்தது. "இந்தப் பனிமேட்டுக்கு ஒரு பேர் வரட்டும்னுதானே நான் பாடுபட்டேன்?"

"எங்க ஊருக்குப் பேரு கீது," என்றாள் அவள். "நெல்லிமேடு."

ஜீப் சத்தம் அடங்கியபிறகு முனியன் சாலின் இந்தப் பக்கமே நின்றுகொண்டு கூப்பிட்டான். "அக்கா, மேழிய என்னாண்ட குடு. கை பூரா ரத்தம் ஒனக்கு."

"மேழி இருக்கட்டும். நீ ஒழவு ஓட்டி எனக்கு ஒன்னியும் ஆவப்போறதில்ல. கல்லை எடுத்துக்கினு வா."

"எது எங்க இருந்துச்சுன்னு தெரியாதுக்கா. எல்லாத்தையும் ஒன்னாப் போட்டுக் கட்டிட்டோம்."

"எனக்குத் தெரியும்."

கோபால்சாமி இன்னும் மேடையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்பது பேரும் மேடையை அவர் காலடியிலிருந்து பிரிக்க ஆரம்பித்ததும் எழுந்து நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு நகர்ந்தார். முனியன் முதல் கல்லைத் தோளில் ஏற்றி வந்து சாலின் முன்னால் நின்று அவளைப் பார்த்தான்.

"கொல்லைக்காரி சொல்றேன், வா," என்றாள் அவள்.

அவன் தாண்டி வந்தான். கல்லில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை அவள் முந்தானையால் தேய்த்துப் பார்த்தாள். அருணகிரியின் விரலை நசுக்கிய கல் அது. ஐந்தாவது வரப்பில், பாறையிலிருந்து நாலாவதாக இருந்தது. அந்த இடத்துக்குப் போய்க் காலால் மண்ணைத் தட்டிக் காட்டினாள். முனியன் குனிந்து, கல்லின் புடைத்த பக்கம் ஓடையைப் பார்த்திருக்கும்படி வைத்தான், வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்திருப்பான்.

"திருப்பி வை," என்றாள் செல்லியம்மாள். "வயிறு மேட்டுப் பக்கம் இருக்கணும்."

அவன் திருப்பி வைத்தான்.