அழிக்காத ஐம்பது

“அந்தக் கையெழுத்து ரிஜிஸ்டரைப் பிரிங்க மேடம். எத்தனை பேர் ஓட்டுப் போட்டாங்கன்னு எண்ணிப் பாக்கணும்.”

என்றேன். இந்தப் பேச்சை மட்டும் எடுக்காதே என்று காலையில் பஸ் ஏற்றிவிடும்போதுகூட அப்பா சொன்னார். “ஏஞ்சலின் ஜெயிச்சாலும் தோத்தாலும் நீ கையெழுத்துப் போட்ட பேப்பரப் பத்தி வாயத் தொறக்காத. நம்ம ஊட்ல மொத கவர்மென்ட் வேலை வரப்போவுது. பேஜாரு பண்ணிக்காத.” பரீட்சையில் தேறிவிட்டேன். போலீஸ் விசாரணை முடிந்து ஆணை வரவேண்டியதுதான் பாக்கி.

பேரூராட்சித் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை. அரசுப் பள்ளியின் ஆய்வகத்தைக் கம்பிவலையால் இரண்டாக அடைத்திருந்தார்கள். வலைக்கு அந்தப் பக்கம் மெஷினும் அதிகாரியும். இந்தப் பக்கம் வேட்பாளர்களும் ஏஜென்ட்டுகளும். போனை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை.

ஏழாவது வார்டின் எண்களை மெஷின் காட்டி முடித்திருந்தது. வெங்கடேசன் 318. ஏஞ்சலின் 301. இன்னொரு சுயேச்சை 43. மொத்தம் 662.

ஏஞ்சலின் அக்கா சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவர். எங்கள் காலனிக்குத் தண்ணீர் லாரி வரவில்லை என்று கேட்டதற்காகப் பழைய கவுன்சிலர் வெங்கடேசனின் ஆட்களிடம் திட்டு வாங்கி, அந்தக் கோபத்திலேயே வேட்புமனு போட்டவர். நான் அவருடைய ஏஜென்ட். வாக்குப்பதிவு அன்றைக்கு வாக்குச்சாவடியில் உட்கார்ந்து, வந்தவர்களை ஒவ்வொருவராக வாக்காளர் பட்டியலில் பென்சிலால் டிக் அடித்தேன். முடிவில் இரண்டு முறை எண்ணினேன். 612.

மெஷினில் 662. சரியாக ஐம்பது அதிகம்.

அந்த ஐம்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வாக்குப்பதிவு தொடங்கும் முன் ஏஜென்ட்டுகளை வைத்து ஐம்பது மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். எண்ணிக் காட்டிவிட்டு ‘கிளியர்’ பொத்தானை அழுத்தி அழிக்கவேண்டும். அன்றைக்கு வெங்கடேசனின் ஏஜென்ட் ரகு சிரித்துக்கொண்டே தன் சின்னத்தையே அமுக்கித் தள்ளினான். வெங்கடேசனுக்கு 31, எங்களுக்கு 9, மற்றவருக்கு 10. எண்ணி முடித்த நேரத்தில் பொங்கல் வடை பார்சல் வந்தது. சாவடிக்குப் பொறுப்பாக இருந்த அருணாச்சலம் சார், பள்ளி ஆசிரியர், ஒரு கட்டுப் படிவத்தை நீட்டினார்.

“சாயங்காலம் கும்பலா இருக்கும்மா. எல்லாத்துலயும் இப்பவே போட்டுடுங்க. டிகிரி படிச்ச பொண்ணு, நீ முதல்ல போடு.”

அந்தப் பெருமையில் போட்டேன். மாதிரி ஓட்டுகளை அழித்தாயிற்று என்ற சான்று, மாலையில் நிரப்பவேண்டிய வாக்குக் கணக்கு, எல்லாம் அதில் இருந்தன. எண் எழுதும் இடம் காலி. எல்லா ஏஜென்ட்டும் எப்போதும் இப்படித்தான் போடுவார்களாம். ‘கிளியர்’ அழுத்தினார்களா என்று ஒருவரும் பார்க்கவில்லை. மாலையில் கையெழுத்துதான் போட்டாயிற்றே என்று, நகல்கூட வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு மெஷினில் 662 வந்ததைப் பார்த்து சார் பயந்திருக்கவேண்டும். என் கையெழுத்துக்கு மேலே 662 என்றே எழுதியிருக்கிறார்.

அந்த ஐம்பதைக் கழித்தால் வெங்கடேசன் 287. அக்கா 292.

அதிகாரி வலைக்குப் பின்னால் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். “மெஷின்ல 662. படிவத்துல 662. கீழ உங்க கையெழுத்து. இன்னும் என்னம்மா?”

“வெத்துப் படிவத்துல போட்டது மேடம்.”

ரகு சிரித்தான். “இன்னா நந்தினி மேடம், காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா? படிக்காமயே போட்டுட்டியா?”

“நீயும்தானடா போட்ட.”

“நான் எட்டாங்கிளாஸ். எனக்குக் கேள்வி கிடையாது.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவன்மேல் வந்ததைவிட என்மேல் வந்த ஆத்திரம் அதிகம்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “ரிஜிஸ்டர் சீல் வச்ச கவர்ல இருக்கு. கோர்ட் சொல்லாம நான் பிரிக்க முடியாது. மறு எண்ணிக்கைன்னா மெஷினை மறுபடி அமுக்குவேன், அதே நம்பர்தான் வரும். ஆட்சேபணை இருந்தா முடிவு அறிவிக்கிறதுக்கு முன்னாடி காரணத்தோட எழுதிக் கொடுங்க. அறிவிச்சிட்டா என் கைல ஒண்ணும் இல்ல.” ஒரு வெள்ளைத் தாளை வலைக்குக் கீழே தள்ளினார். “பாத்து எழுதுங்க. என்ன எழுதுறீங்களோ அது உங்க மேலயும் நிக்கும்.”

காரணம் ஒன்றுதான். அதில் மாட்டுகிற முதல் ஆள் நான்தான்.

ஏஞ்சலின் அக்கா என் முழங்கையைப் பிடித்தார். “வாணாம்டி. நான் நாளைக்குக் கேன்டீன் போய்க்கினு இருப்பேன். உங்கப்பன் முப்பது வருசமா மில்லுல இரும்புத் தூசி துன்னுகினு உன்னப் படிக்க வச்சான். உன் வேலை போச்சின்னா அவன் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?”

“தண்ணி லாரி?”

அக்கா பிடித்த கையை விடவில்லை.

மறுபக்கம் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. வெங்கடேசனின் ஆட்கள் மாலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா இருந்தால் எனக்கு வேலை வரும். எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று காலிப் படிவத்தை நீட்டுவேன். அவர்களும் போடுவார்கள்.

இடது கையால் அக்காவின் விரல்களை எடுத்துவிட்டு எழுதினேன். மாதிரி ஓட்டு ஐம்பதும் அழிக்கப்படவில்லை. அழித்ததாகச் சொல்லும் சான்றிலும், எண் நிரப்பாத கணக்கிலும் நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். என் பட்டியலில் வாக்களித்தவர்கள் 612 பேர். பெயர், அப்பா பெயர், முகவரி, நேரம் 11.40. இந்த முறை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி படித்தார். என்னைப் பார்த்தார். ‘உறையைப் பிரிக்க அதிகாரம் இல்லை, நிராகரிக்கப்படுகிறது’ என்று கீழே எழுதி, முத்திரை குத்தி, நகலைத் தந்தார்.

“இதை வச்சிக்கினு இன்னா பண்ணுவ?” என்றான் ரகு. இப்போது அவன் சிரிக்கவில்லை.

“கோர்ட்டுக்குப் போவோம். நீயும் வருவ. எட்டாங்கிளாஸ் சர்டிபிகேட் எடுத்துக்கினு வா.”

பென்சில் டிக் அடித்த பட்டியலுக்குள் நகலை மடித்து வைத்தேன். ஒலிபெருக்கியில் வெங்கடேசனின் பெயரை வாசிக்க ஆரம்பித்தார்கள். வாசல் போலீஸ்காரர், “போனா திரும்ப வர முடியாதும்மா” என்றார்.

“தெரியும் சார்.”

போனை வாங்கினேன். அப்பாவிடமிருந்து நான்கு அழைப்புகள். அவரைக் கூப்பிட்டபடியே கேட்டைத் தாண்டி நடந்தேன்.