கழுவக் கூடாத அடுப்படி

டாக்சியில் ஏறும்போது துரைசாமி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நான் போன கையோட வீட்டக் கழுவித் தொலைச்சிடாத ரத்தினம். எதுவா இருந்தாலும் நாளைக்குப் பாத்துக்க."

இது ரத்தினம்மாவுக்குத் தெரியாததா? ஆள் கிளம்பின உடனே வீட்டைப் பெருக்கிக் கழுவுவது பிணம் எடுத்த வீட்டில் செய்கிற வேலை. அதிலும் இந்த மனுஷன் சும்மா ஊர்ப்பயணமா போகிறார்? சாயங்காலம் வயிற்றில் ஆபரேஷன். துறைமுகத்தில் கூட வேலை பார்ப்பவர் துணைக்கு ஏறிக்கொள்ள, வண்டி செராங்கூன் ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. அவள் உள்ளே போய் முதல் வேலையாகத் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

வைத்த கை எடுப்பதற்குள் முன்னறையில் வாடகைக்கு இருக்கும் மைமூன் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு லா! முனைக் கடையப் பாத்துக்கிட்டு இருக்காரு. அடுத்து நம்ம வீடுதானாம்!"

"அடுத்த வாரம்னுதானே சொன்னாங்க?"

"சொன்னாங்க. இப்ப வந்துட்டாரே, என்ன செய்ய?"

பாழாய்ப்போன அந்த ஆளுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா! ரத்தினம்மா அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் ஆட்களுக்குச் சோறும் குழம்பும் கேரியரில் அனுப்புகிற அடுப்படி அது. துரைசாமி வலியில் சுருண்டு கிடந்த நாளெல்லாம் அவள் அவர் தலைமாட்டிலேயே இருந்துவிட்டாள். சமைத்தாள், அனுப்பினாள், அவ்வளவுதான். சுவரெல்லாம் கரி, தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, சாக்கடையில் ஊசின வாடை. போன தடவையே அந்த இன்ஸ்பெக்டர், இன்னொரு முறை இப்படி இருந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆபரேஷன் முடிந்தால் துரைசாமி மூட்டை தூக்க மாதக்கணக்காகும். அடுப்படியையும் மூடிவிட்டால் கஞ்சிக்கு எங்கே போவது?

கழுவினால்தானே குற்றம், துடைத்தால்? முருகனிடம் நியாயம் பேசிக்கொண்டே சேலையைச் செருகினாள். சோப்பு வாங்கப் போக நேரமில்லை, இருப்பதை எடுத்தாள். பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகளை உப்பில் தொட்டுச் சுவரைத் தேய்த்தாள். அடுப்புச் சாம்பலை அள்ளித் தரையில் தூவி, தேங்காய் நாரால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். புளிச் சக்கையைப் போட்டுப் பித்தளை அண்டாவை விளக்கினாள். சாம்பல் பிசுக்கை நன்றாகவே தின்றது. ஆனால் துடைக்கத் துடைக்க அது சேறாகக் குழைந்து, முன்பு அழுக்காயிருந்த தரை இப்போது சாம்பல் நிறத்தில் நாறிக் கிடந்தது. துணி கறுத்ததே தவிர தரை வெளுக்கவில்லை. ஐயோ, தண்ணீர் விடாமல் இது போகாது!

மைமூன் வாளியைத் தூக்கினாள். "நான் ஊத்துறேன் அக்கா. உங்க கை படாது, போதுமா?"

"யாரு ஊத்தினா என்னடி? கழுவுறது என் வீடுதானே? இந்தப் பாவத்துல உனக்கு எதுக்குப் பங்கு? தள்ளு."

வாளியைப் பிடுங்கினாள். காலையில் வடித்த கஞ்சித் தண்ணீரைச் சூடு பண்ணி முதலில் ஊற்றினாள், பிறகு குழாய்த் தண்ணீரை வாளி வாளியாக. "என்ன மன்னிச்சிருங்க, என்ன மன்னிச்சிருங்க" என்று அங்கே இல்லாத புருஷனிடம் புலம்பிக்கொண்டே கூட்டித் தள்ளினாள். கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்த அதே துடைப்பத்தால்தான். கடைசியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். சுவரை விரலால் தடவினார், சாக்கடையைக் குனிந்து பார்த்தார்.

"குட். நல்லாக் கழுவி வச்சிருக்கீங்கம்மா" என்றார்.

பாராட்டத்தான் செய்தார், பாவம். ரத்தினம்மாவுக்கு ஓங்கி அறைந்ததுபோல் இருந்தது. அவர் படியிறங்கியதும் சேலையை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

துரைசாமியைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துவிட்டார்கள். முகம் வெளிறிப் போயிருந்தது. அவளைப் பார்த்ததும் கையை எட்டிப் பிடித்தார். கை சில்லென்றிருந்தது.

"வீட்டக் கழுவலயே?"

"இல்லீங்க."

"காலையிலருந்து அதே நெனப்புதான் ரத்தினம். கண்ண மூடினா நீ வாசல்ல தண்ணி ஊத்துற மாதிரியே தெரியுது. பயமா இருக்கு." அவர் உதடு துடித்தது. மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றிய ஆள், குழந்தை மாதிரி அழுதார். "என் தலையில அடிச்சுச் சொல்லு. கழுவலதானே?"

நர்ஸ் அவசரப்படுத்தினாள். உண்மையைச் சொன்னால் இந்த மனுஷன் உள்ளே போவதற்கு முன்பே செத்துப்போவார். பொய்ச் சத்தியம் பண்ணினால்? தலை யாருடைய தலை?

ரத்தினம்மா கையை எடுத்து அவர் உச்சந்தலையில் வைத்தாள்.

"உங்க மேல சத்தியமா கழுவலைங்க."

துரைசாமி நீளமாக மூச்சு விட்டார். முகத்தில் இரத்தம் திரும்பியது. "அது போதும். இனிமே எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "முருகா, கழுவினவ நான், பொய் சொன்னவ நான். என்னை எடுத்துக்க, அவரை விட்டுரு" என்று, சத்தியம் பண்ணின அந்தக் கையால் தலையில் அடித்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.