ராணிக்குக் குத்திய குண்டூசி

ஆம்பளை சேலை கட்டி மேடை ஏறினால் அதற்குப் பெயர் கலை. பொம்பளை ஏறிவிட்டால் குலத்துக்கே மானக்கேடு. எந்த ஊர் நியாயமோ, அந்தக் காலத்துத் திருப்பூரில் இதுதான் நியாயம்.

அமராவதி ராணி வேஷத்தில் நின்றாள். வருசா வருசம் ஆயுத பூசையன்று பனியன் கம்பெனி ஆட்கள் போடும் நாடகத்தில் ராணி அவள் புருசன் ரத்தினசாமிதான். இன்றைக்கு அவன் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். முதலாளி சென்னியப்பனோ நாடகப் பைத்தியம். போன வருசம் வேஷத்துக்கு வராதவனை மறுநாளே வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அதனால்தான் அமராவதி அரிதாரத்தைப் பூசிக்கொண்டு, யாரோடும் பேசாமல் வந்து மேடை ஏறிவிட்டாள். வேஷம் கட்டிவிட்ட பக்கத்து வீட்டு வேலாத்தாளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

வசனமெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். புருசன் ஒத்திகை பார்க்கும்போது எதிர் வசனம் சொன்னவள் அவள்தானே. நடைதான் கஷ்டம். அவளைப் பார்த்துத்தான் அவன் நடக்கக் கற்றான். ஆனால் இடுப்பைக் கொஞ்சம் கூடுதலாக ஆட்டுவான். இவளும் அப்படியே ஆட்டினாள். கூட்டம் விசில் அடித்தது.

ஒன்றை மட்டும் பாவி மறந்து தொலைத்தாள். பாட்டு முடிந்ததும் முதலாளி ரூபாய் நோட்டோடு மேடைக்கு வருவார். பனியன் வேஸ்ட்டுத் துணி அடைத்த ராணியின் மார்பில் அதைக் குண்டூசியால் குத்திவிடுவார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவளும்தான் சிரித்திருக்கிறாள்.

சென்னியப்பன் வந்தார்.

"ஏண்டா ரத்தினசாமி, இந்த வருசம் கம்பெனி வேஸ்ட்டு பூராவும் உள்ளுக்குத்தான் அடைச்சிருக்கறயா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஊசி ரவிக்கையைத் தாண்டிச் சதையில் இறங்கியது. பனியன் வேஸ்ட்டுக்கு வலிக்குமா? அமராவதி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். உயிர் போய்விடும் போலிருந்தது. ரவிக்கையில் சிவப்பாக ஒரு பொட்டுத் தெரிந்ததும் மாராப்பை இழுத்து மூடினாள். முதலாளிக்குப் பின்னால் மேஸ்திரி, கணக்குப்பிள்ளை என்று ஆளுக்கொரு ஊசியோடு வரிசை கட்டி நின்றார்கள். மேஸ்திரி மாராப்பை விலக்கக் கையை நீட்டினார். தொலைந்தோம் என்று அமராவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. வேலாத்தாள் தலைமயிரை விரித்துப் போட்டு ஆடிக்கொண்டு வந்தாள்.

"ஆயுதத்தையெல்லாம் எம்முன்னால பூசைக்கு வெச்சுட்டு, ஊசியை மட்டும் எடுத்தவன் எவண்டா?"

மேஸ்திரியின் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. "தாயே மாகாளி, பொறுத்துக்கோணும்" என்று சென்னியப்பன் ஓடிப்போய் அவள் காலில் விழுந்தார். யாரோ திரையை இறக்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அமராவதி கதவைச் சாத்தினாள். வேலாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஒருநாளும் சாமி வந்ததில்ல கண்ணு. நீ நடிச்சதுக்கு முதலாளிதான் கேப்பாரு. நா நடிச்சதுக்கு மாகாளியே கேப்பாளே."

அமராவதி மார்பிலிருந்த ஊசியைப் பிடுங்கினாள். கறை பட்ட நோட்டை எடுத்து மஞ்சள் துணியில் வைத்தாள்.

"இதை அவ உண்டியல்ல போட்டு மன்னிப்புக் கேட்டுக்கலாங்கக்கா."

"ரத்தம் பட்டிருக்குதே, ஏத்துக்குவாளா?"

"மாகாளிக்கு ரத்தம் புதுசுங்களா?"

வாய் சொல்லிவிட்டது. ரத்தம் கொடுத்து வாங்கிய நோட்டாயிற்றே, முடிச்சுப் போடத்தான் அவளுக்குக் கை வரவில்லை.